இருபத்து நான்கு டெசிபலுக்குள்

ஜூன் 10, திங்கள்

டாக்டரம்மா இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். ஒன்று, படுத்தே இரு. இரண்டு, மனதில் இருப்பதை ஒரு நோட்டில் எழுது. முதலாவதிலிருந்து தப்ப முடியாது, தையல் போட்டுவிட்டார். இரண்டாவதை என் இஷ்டப்படி செய்யப்போகிறேன்.

விவரத்தை ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். இது ஆறாம் மாதம். போன தடவை ஐந்தரை மாதத்தில் போய்விட்டது. கர்ப்பப்பை வாய்க்குப் பலம் போதவில்லையாம். அதனால் இந்த முறை முன்கூட்டியே தையல் போட்டு, இன்னும் மூன்று மாதம் இடது பக்கமாகப் படுத்துக் கிடக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான். இனிமேல் அதைப் பற்றி இந்த நோட்டில் ஒரு வரியும் எழுதமாட்டேன். இது கம்ப்யூட்டருக்கான நோட்டு.

கம்ப்யூட்டர் என்றால் கேம் ஆடுகிற கம்ப்யூட்டர். ஒன்பது வருடத்துக்கு முன்னால், பம்ப் கம்பெனியில் டிராயிங் போடும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வரும்போது மடியில் வைத்துக் காரில் கொண்டுவந்தேன். இப்போது அதன் விசிறியில் பேரிங் தேய்ந்துவிட்டது. கர்ர்ர் என்று ஓடிக்கொண்டே இருக்கும், ஏழெட்டு விநாடிக்கு ஒருமுறை கடக் என்று ஒரு தட்டுத் தட்டும். அத்தை அதற்கு மில் என்று பெயர் வைத்திருக்கிறார். "ஏங்கண்ணு, மில்ல நிறுத்தீட்டு சாப்புட வர்றியா?" என்பார். கோயம்புத்தூரில் பாதி மில்லை மூடிவிட்டார்கள், எங்கள் வீட்டில் மட்டும் ஒன்று ஓடுகிறது.

குளியலறை பக்கத்தில் இருக்கிறது என்று என் கட்டிலைக் கம்ப்யூட்டர் அறைக்கே கொண்டுவந்துவிட்டார் என் வீட்டுக்காரர் பூபதி. மானிட்டர் கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. மில் தலைமாட்டில் ஓடுகிறது. கேமில் என் குதிரை ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் நிற்கிறது. பாலத்தில் ஏறினால் படம் உறைந்துபோகிறது. பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு அவ்வளவு தண்ணீரை வரையத் தெம்பில்லை.

போனஸ் பணம் அப்படியே இருக்கிறது. மொத்தத்தையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 13

எது வேண்டும் என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். எது எதோடு சேரும் என்பதுதான் வேலையே. பிராசசரின் அடிப்பகுதி மதர்போர்டில் இருக்கிற இருக்கையில் சரியாக உட்கார வேண்டும். அந்த மதர்போர்டு எந்த வகை ரேமை ஏற்குமோ அதைத்தான் வாங்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் நீளம் வெளிக்கூடான கேபினட்டுக்குள் அடங்க வேண்டும். எல்லாம் சேர்ந்து குடிக்கிற கரண்டைப் பவர் சப்ளை மூச்சு வாங்காமல் கொடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் மற்றதெல்லாம் வெறும் பெட்டி.

பூபதியிடம் விளக்கினேன். பள்ளியில் பி.டி. மாஸ்டர் அவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கபடி டீம் எடுக்கற மாதிரின்னு சொல்லு" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

ஜூன் 19

முதல் விதி போட்டுவிட்டேன். மொத்த மெஷினின் சத்தம் இருபத்து நான்கு டெசிபலுக்குள் இருக்க வேண்டும். இலை அசைகிற சத்தம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கேம் ஆடுகிறவர்கள் யாரும் இப்படி ஒரு விதியோடு ஆரம்பிக்க மாட்டார்கள்.

பூபதி கேட்டார்: "நீ ஹெட்போன் போட்டுட்டுத்தான ஆடுவ?"

"ஆமாங் மாமா."

"அப்பறம் சத்தம் யாருக்கு?"

"எனக்குத்தான். தலை வலிக்குது."

கிரவுண்டில் விசில் இல்லாமலே நானூறு பிள்ளைகளை அடக்குகிற தொண்டை அவருக்கு. இந்த அறைக்குள் மட்டும் சில நாளாக மெதுவாகப் பேசுகிறார்.

இரண்டாவது விதி: மேசையை நகர்த்தி, சுவருக்கும் மேசைக்கும் நடுவில் அறுபத்திரண்டு சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். காற்றோட்டத்துக்கு. பூபதி டேப் வைத்து அளந்து நகர்த்தினார். அறுபது போதாதா என்றார். போதாது.

ஜூன் 20

அசைவு நன்றாக இருக்கிறது. ஃபேனைச் சொல்கிறேன்.

ஜூன் 27

அத்தையைப் பற்றி எழுதியாக வேண்டும்.

அத்தையின் பெயர் கருணாம்பாள். ஒரு விஷயத்தில் மட்டும் இரும்பு. பிறக்கிற வரைக்கும் வீட்டுக்குள் அதற்கென்று ஒரு துணியோ ஒரு கிலுகிலுப்பையோ வரக்கூடாது. ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற வழக்கம்தான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்று போன தடவை நிரூபித்தேன். ஐந்தாம் மாதமே ஆன்லைனில் மரத் தொட்டில் ஒன்று வரவழைத்து, நானே ஸ்க்ரூ முடுக்கி நிறுத்தினேன். இரண்டு வாரம் கழித்து அது பரணுக்குப் போனது. அத்தை அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்த ஒரு சொந்தக்காரி மட்டும், "முன்னாடியே தொட்டில வாங்கி வெச்சியாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இந்தத் தடவை ஒரு நூல்கூட வாங்கவில்லை.

இன்று அத்தை தன் பழைய காட்டன் புடவை மூன்றை எடுத்துவந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டினார். துவைத்துத் துவைத்து வெண்ணெய் போல ஆகிவிட்ட துணி.

"எதுக்குங்க அத்தை?"

"உன்ற கம்ப்யூட்டருக்குத்தான் கண்ணு. புதுசு வருதுல்ல. தூசி படாம மூட வேண்டாமா?"

சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து, வெந்நீரில் அலசிக் கொடியில் போட்டார். எண்ணினேன். பதினான்கு. ஒரு கம்ப்யூட்டருக்குப் பதினான்கு போர்வை.

"கம்ப்யூட்டருக்கு இது போதுமுங்க அத்தை" என்றேன். நானும் அத்தையும் சேர்ந்து செய்த முதல் திருட்டு இது.

ஜூலை 5

இன்று கேபினட். பூபதி பள்ளி முடிந்து நேராகக் காந்திபுரத்துக் கடைக்குப் போய், வீடியோ காலில் எனக்குக் காட்டினார். கடைக்காரர் பெயர் நவ்ஷாத். முப்பது வயது இருக்கும். கம்ப்யூட்டர் என்றாலே அவருக்குக் கல்யாண மண்டப வாசல் மாதிரி லைட் எரிய வேண்டும்.

"யக்கா, இது பாருங்க. சைடு ஃபுல்லா கண்ணாடி. உள்ள ஏழு கலர் ஓடும்."

"கண்ணாடி வேண்டாங்க. உடையும்."

"யாருக்கா உடைக்கப்போறா? வீட்ல குட்டீஸ் இருக்காங்களா?"

பூபதியின் முகம் திரையில் ஆடியது. போனை அடுத்த ரேக்குக்குத் திருப்பிவிட்டார்.

"இரும்புத் தகடு வெச்சதைக் காட்டுங்க" என்றேன். "ஆன் பண்ற சுவிட்ச் மேல இருக்கோணும், முன்னாடி இருக்கக் கூடாது. முனையெல்லாம் மழுங்கி இருக்கோணும். ஓட்டை சின்னச் சின்னதா இருக்கோணும். விரல் போகாத அளவுக்கு."

"விரல் எதுக்குக்கா போவுது?"

"ஸ்க்ரூ மாட்டும்போது போகும்."

நவ்ஷாத்துக்கு என்மேல் இருந்த மரியாதை அந்த இடத்தில் கொஞ்சம் குறைந்திருக்கும். போகட்டும். கடைசியில் கறுப்பாக, சாதுவாக, அரிசி டிரம் மாதிரி ஒரு கேபினட் கிடைத்தது. உள்ளே பிராசசரைக் குளிர்விக்கிற கூலருக்கு நூற்று அறுபத்திரண்டு மில்லிமீட்டர் உயரம் இடம். நான் தேர்ந்தெடுத்த கூலர் நூற்று ஐம்பத்தெட்டு. நான்கு மில்லிமீட்டர் மிச்சம்.

நான் வாய் வார்த்தையை நம்புகிறவள் இல்லை. கட்டிலிலேயே கீபோர்டை வைத்துக்கொண்டு, மொத்த மெஷினையும் கம்பெனி சாப்ட்வேரில் நிஜ அளவில் வரைந்துவிட்டேன். ஒவ்வொரு பாகமும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. எதுவும் எதையும் இடிக்கவில்லை. பத்து நிமிடம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் அடங்கி, பத்திரமாக, கதவு மூடியிருந்தது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. நன்றாக அழுதேன்.

ஜூலை 16

நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் எதுவும் வாங்கக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டதால் இன்றே எல்லாவற்றையும் வாங்கியாக வேண்டும். ஊரெல்லாம் ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருக்கும்போது முந்தின நாள் முழு விலை கொடுத்து வாங்கிய ஒரே குடும்பம் நாங்கள்தான்.

பூபதி கடையில் நின்று ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி வருகைப் பதிவேடு மாதிரி பெயர் வாசித்தார். நான் கட்டிலிலிருந்து ஆஜர் சொன்னேன். ரேம் மட்டும் நான் சொன்னது ஸ்டாக் இல்லை. அதே வகை, அதே வேகம், ஆனால் தலையில் லைட் எரிகிற ஒன்று இருக்கிறதாம். லைட் உள்ளேதானே எரியும், தகட்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது. வேகத்தைக் கேட்டேன், வகையைக் கேட்டேன், சரி என்றேன்.

அந்த நேரத்தில் வயிறு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஜூலை 17

ஆஸ்பத்திரி போய் வந்தோம். தையல் அப்படியே இருக்கிறது. பூபதி ஆட்டோக்காரரிடம் ஒவ்வொரு வேகத்தடைக்கும், "அண்ணா, மெதுவா... அண்ணா" என்றார்.

ஜூலை 24

ஏழு பெட்டிகள் அறை மூலையில் அடுக்கியிருக்கின்றன. ஆடியில் பிரிக்கக் கூடாதாம். ஆடிப் பதினெட்டு நல்ல நாள், அன்றைக்குப் பிரித்துக்கொள் என்று அத்தை தேதி கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டருக்கெல்லாம் ஆடி உண்டா என்று கேட்டதற்கு, "வீட்டுக்குள்ள வர்ற எதுக்கும் உண்டு கண்ணு" என்றார்.

வளைகாப்பு மாதிரி எனக்குக் கட்டுச்சோறு விருந்து போட வேண்டிய மாதம் இது. யாரும் பேச்சு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பூபதி மட்டும் எதையாவது செய்துகொண்டே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாள் வைத்து மேசையின் நான்கு முனையையும் தேய்த்து உருண்டையாக்கினார். கேட்டால், முழங்காலில் இடிக்கிறதாம். அந்த மேசை நான்கு வருடமாக அந்த அறையில்தான் இருக்கிறது. நேற்று எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து கீழே இருந்த பிளக் பாயின்ட்டை எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு மாற்றிவிட்டார். "குனியறதுக்கு உனக்குச் சிரமம்ல" என்றார். எல்லா வயரையும் பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டுச் சுவரில் அடித்தாயிற்று.

கம்ப்யூட்டர் விஷயத்தில் இவ்வளவு ஆர்வம் இவருக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

மில்லைத் தங்கள் பள்ளிக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். லேபில் வைக்கக் கணக்கு வாத்தியார் கதிரேசன் ஆசைப்படுகிறாராம். தாராளமாகக் கொடுக்கலாம் என்றேன். அது ஓடுகிற சத்தத்தில் இந்த அறையில் யார் தூங்க முடியும்?

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

காலையில் அத்தை பெட்டிகளுக்குக் குங்குமம் வைத்தார். பூபதி தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார். நான் இடது பக்கமாகப் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவர் மாட்டினார். கபடி கோச் வெளியே உட்கார்ந்திருக்க, ஆள் மட்டும் உள்ளே ஆடுகிற மாதிரி.

நன்றாக மாட்டினார் என்று சொல்ல வேண்டும். பெரிய கை, ஆனால் அவசரமில்லாத கை. பிராசசரை முட்டையை வைக்கிற மாதிரி வைத்தார். மதர்போர்டு உட்கார்ந்தது. ரேம் இரண்டும் க்ளிக் க்ளிக் என்று ஏறின. கூலர் ஏறியது. கிராபிக்ஸ் கார்டு ஏறியது. அத்தை வாசற்படியில் நின்று, "அதென்னமோ போ, நகைப்பொட்டி மாதிரி இருக்குது" என்றார். கடைசியில் பக்கவாட்டுக் கதவு.

மூடவில்லை.

"அழுத்தட்டுமா?"

"வேண்டாங் மாமா. எதுல இடிக்குது பாருங்க."

கூலரின் விசிறி இடித்தது. என் வெர்னியரை எடுக்கச் சொல்லி அளக்கச் சொன்னேன். எங்கே படிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, கையில் வாங்கி நானே படித்தேன். எட்டு மில்லிமீட்டர் வெளியே நின்றது. அப்போதுதான் புரிந்தது. நான் முதலில் தேர்ந்தெடுத்த ரேம் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் உயரம். லைட் வைத்த இந்த ரேம் நாற்பத்து நான்கு. விசிறி அதன் தலைமேல்தான் நிற்க வேண்டும். பன்னிரண்டு மில்லிமீட்டர் மேலே போய்விட்டது. நான்கு மிச்சம் இருந்தது, அது போக எட்டு.

ஆபீசில் ஜூனியர்களை நான் திட்டுகிற ஒரே விஷயம் இதுதான். பாகத்தை மாற்றினால் டிராயிங்கை மாற்று. நான் பாகத்தை மாற்றினேன், டிராயிங்கை மாற்றவில்லை. வகை பார்த்தேன், வேகம் பார்த்தேன். உயரம் பார்க்கவில்லை.

"அட, கதவுதான சிந்து. தொறந்தே இருந்துட்டுப் போகுது."

"எல்லாம் சரியாப் பாத்தனுங்களே மாமா" என்றேன். "ஒன்னு விடாமப் பாத்தனுங்களே."

எட்டு மில்லிமீட்டருக்கு ஒருத்தி அப்படி அழுவாளா? அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். அத்தை உள்ளே போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

ஆகஸ்ட் 4

நேற்று எழுதாததை எழுதுகிறேன். இந்த நோட்டின் விதியை மீறித்தான்.

போன தடவை எங்கே தப்பு என்று நான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் போனதா, மாடிப்படி ஏறியதா, தொட்டிலா. டாக்டர் எதுவுமில்லை என்கிறார். எதுவுமில்லை என்றால் நான் எதைத் திருத்துவது? அளவு தெரிந்தால் திருத்திவிடுவேன். இதை நேற்று பூபதியிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நானும் தேடுனேன் சிந்து. உன்னக் கேட்டாச் சங்கடப்படுவியோன்னு கேக்கல" என்றார்.

இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாகத் தேடியிருக்கிறோம்.

மெஷின் திறந்தே கிடக்கிறது. அத்தை அதன்மேல் புடவைத் துணி ஒன்றைப் போர்த்தியிருக்கிறார். பதினான்கில் ஒன்று நிஜமாகவே கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 11

இன்னும் நான்கு வாரம் தள்ளினால் போதும் என்கிறார் டாக்டரம்மா. மில்லில் பழைய கேமைப் போட்டுப் பாலத்துக்கு முன்னாலேயே குதிரையை மேயவிட்டுக்கொண்டிருக்கிறேன். கர்ர்ர், கடக்.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலை 7.40. பூபதி கொடியேற்றத்துக்குப் போயிருக்கிறார். மார்ச் பாஸ்ட் அவர் பொறுப்பு. இடுப்பு வலிக்கிறது. வாயுவாகத்தான் இருக்கும்.

8.05. வாயு இல்லை.

ஆகஸ்ட் 24, சனி

சிந்து, உன் நோட்டில் நான் எழுதுகிறேன். திட்டாதே. நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், நான் குளித்துத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நடுவில் ஒன்பது நாள் காலியாக இருப்பது நன்றாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பதினைந்தாம் தேதி காலை 11.20க்குப் பெண் குழந்தை. 1 கிலோ 780 கிராம். நான் வெள்ளை டிரஸ்ஸோடு, கழுத்தில் விசிலோடு ஓடிவந்தேன். மூச்சுக்கு முதல் நான்கு நாள் மெஷின் வைத்தார்கள். இப்போது எடுத்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். டியூபில் பால் போகிறது. பெட்டி ஓட்டை வழியாகக் கையை விட்டேன். என் சுண்டுவிரலைப் பிடித்தாள். இதுவரைக்கும் என் கையை யாரும் அப்படிப் பிடித்தது கிடையாது.

இன்று நவ்ஷாத் கடைக்குப் போனேன். உன் வெர்னியரை எடுத்துக்கொண்டு போனேன். படிக்கப் பழகிவிட்டேன், எங்கள் சயின்ஸ் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். கடையில் இருந்த ரேம் எல்லாவற்றையும் பிரித்து அளந்தேன். "என்ன சார், கடைய சோதனை போடறீங்களா?" என்றார். முப்பத்திரண்டு மில்லிமீட்டர் உள்ளது, அதே வகை, அதே வேகம், புதிதாக வந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் பழையதை வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். யக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வீட்டுக்கு வந்து மாட்டினேன். கதவு மூடிவிட்டது.

பிறகு பரணில் ஏறித் தொட்டிலை இறக்கினேன். அம்மாதான் இறக்கச் சொன்னார். எங்கே வைப்பது என்று பார்த்தேன். அளந்தேன். தொட்டில் அகலம் அறுபது சென்டிமீட்டர். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் அறுபத்திரண்டு.

ஜூன் மாதமே அளந்துவிட்டாய் இல்லையா?

நோட்டை நான் படிக்கவில்லை. ஜூன் 19 மட்டும் படித்தேன். அப்புறம் மற்றதையும் படித்தேன். மன்னித்துவிடு. சாயங்காலம் வருகிறேன். முறுக்கு எடுத்து வருகிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம், மூன்று பேரும். 2 கிலோ 20 கிராம். அத்தை ஆலாத்தி எடுத்தார். அந்த மிச்சப் பதின்மூன்று துணியும் மடித்து அடுக்கியிருந்தது. அத்தை ஒன்றை எடுத்து அவளைச் சுற்றினார். சரியாக இருந்தது.

செப்டம்பர் 6

எழுத நேரமில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

அவள் தூங்கமாட்டேன் என்கிறாள். இரண்டு நாளாக முழு வீடும் மூச்சுவிடாமல் நடக்கிறது. குக்கரில் விசில் வைப்பதில்லை. பூபதி காலிங் பெல்லின் வயரையே பிடுங்கிவிட்டார். அப்படியும் கையிலிருந்து தொட்டிலில் போட்டால், ஐந்து நிமிடம் கண்ணைத் திறந்து எதையோ தேடுகிறாள், பிறகு வீறிட்டு அழுகிறாள். பால் குடிக்கிறாள், எடை ஏறுகிறது, காய்ச்சல் இல்லை. டாக்டரம்மா, பழகிவிடும் என்கிறார். பழகவில்லை.

இன்று மத்தியானம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் புது மெஷினை முதல்முறையாக ஆன் செய்தேன். ஓடுகிறதா என்றே தெரியவில்லை. விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றுமில்லை. மூன்று மாதம் தேடித் தேடிச் சேர்த்த அமைதி. என் பெருமையை அனுபவிக்க இரண்டு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை, அவள் ஆரம்பித்துவிட்டாள். பூபதி வாங்கித் தொட்டிலில் போட்டு ஆட்டினார். பாடிக்கூடப் பார்த்தார். அழுகை கூடியது.

சரி, அழுகிற வரைக்கும் வேலையாவது நடக்கட்டும் என்று, என் பழைய கேம் கோப்புகளை எடுக்க மில்லின் சுவிட்சைப் போட்டேன்.

கர்ர்ர். கடக்.

அழுகை நின்றது.

முதலில் மூச்சு நின்றுவிட்டதோ என்று நான் பாய்ந்தேன். இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கர்ர்ர், கடக். வாய் கோணிக்கொண்டு ஒரு சின்னக் கொட்டாவி. அடுத்த கடக்குக்குள் தூங்கிவிட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன கண்ணு, மில்லு ஓடுது, புள்ள சத்தத்தக் காணோம்?" என்றார். பூபதி தொட்டிலைக் காட்டினார். அத்தை கிட்ட வந்து பார்த்தார், மில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதுக்கென்ன, அவளுக்குத் தெரிஞ்ச வூட்டுச் சத்தம் அதுதான? ரெண்டு மாசத்துக்கு மேல தலமாட்டுல கேட்டுட்டுக் கெடந்தாளே" என்றார்.

கீழேயே உட்கார்ந்துவிட்டேன். நான் அவளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல், ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துக் கிடந்த அத்தனை நாளும் அவள் இந்த அறையில்தான் இருந்திருக்கிறாள். கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் இல்லாத மாதிரி நான் நடித்தேன். அவள் இருந்தாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலை பதினொரு மணிக்குக் கணக்கு வாத்தியார் கதிரேசன் டெம்போவோடு வந்துவிட்டார், மில்லை எடுத்துப்போக. பாவம், ஜூலையில் சொன்ன வார்த்தை. லேபில் இடம்கூடச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாராம்.

பூபதி அறை வாசலிலேயே அவரை மறித்து நிறுத்திவிட்டார். நானூறு பிள்ளைகளை அடக்குகிற அந்தத் தொண்டையில், இலை அசைகிற அளவுக்கு ஒரு சத்தம் வந்தது.

"வாத்தியாரே, மன்னிச்சுக்கோங்க. அது இப்ப வேலையில இருக்குதுங்க."

கதிரேசன் எட்டிப் பார்த்தார். புது மெஷின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மில் எந்த வேலையும் செய்யாமல் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. நடுவில், அறுபத்திரண்டு சென்டிமீட்டரில், தொட்டில். அவருக்கு என்ன புரிந்ததோ, செருப்பை ஓசைப்படாமல் மாட்டிக்கொண்டு போனார். மாற்று பேரிங் கிடைக்கும், சத்தத்தைச் சரிசெய்து தரட்டுமா என்று வாசலில் கேட்டாராம். பூபதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டவே வேண்டாம் என்றாராம்.

அவள் தூங்கியபோது குதிரையைப் பாலத்தில் ஏற்றினேன். படம் உறையவில்லை. ஆறு முழுக்கத் தண்ணீர் ஓடியது, ஒவ்வொரு அலையும் தெரிந்தது. அக்கரை வரைக்கும் போனேன். ஹெட்போன் போடவில்லை. போட்டால் இந்தப் பக்கத்துச் சத்தம் கேட்காது.

இந்த நோட்டில் எழுதமாட்டேன் என்று முதல் நாள் சொன்னது ஒன்று பாக்கி இருக்கிறது. அதை எழுதி முடித்துவிடுகிறேன்.

பெயர் தேன்மொழி. இன்று காலை 2 கிலோ 340 கிராம்.